மாக்டெபுர்க்கில் இல்லாதது, டிரெஸ்டனில் இருந்தது

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஐரோப்பிய ஒன்றியம் 43 பில்லியன் யூரோ என்று சொல்லிச் சிப் சட்டம் கொண்டுவந்தது. 2030-க்குள் உலகச் சிப் உற்பத்தியில் 20 விழுக்காடு எங்களுடையதாக இருக்கும் என்றார்கள். இப்போது இன்டெல் ஜெர்மனித் திட்டத்தையே கைகழுவிவிட்டது. இலக்கை எட்டுவார்களா, இல்லை போட்ட பணமெல்லாம் வீண்தானா?"

இவை இரண்டு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: எட்டமாட்டார்கள். இது என் ஜோசியமல்ல. ஒன்றியத்தின் சொந்தத் தணிக்கை நீதிமன்றம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், 20 விழுக்காட்டுக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று எழுதிவிட்டது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே போட்டு வைத்திருந்த கணிப்பு 2030-இல் 11.7 விழுக்காடு. சட்டம் பேசப்பட்ட காலத்தில் இருந்த பங்கு ஏறக்குறைய 10. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் கூடுவது இரண்டு விழுக்காடுகூட இல்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

முதலில் அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். புது எண் அல்ல அது. 2013-இல் நேலி க்ரூஸ் அந்த ஆணையத்தில் ஆணையராக இருந்தபோதே, 2020-க்குள் 20 விழுக்காடு என்று ஒரு திட்டம் வந்தது. விமானத்துக்கு ஏர்பஸ் மாதிரி சிப்களுக்கும் ஓர் ஏர்பஸ் வேண்டும் என்ற பேச்சும் அப்போதையதுதான். 2020 வந்தது, போனது; பங்கு நகரவில்லை. 2021 மார்ச்சில் அதே எண்ணை எடுத்து, ஆண்டை மட்டும் 2030 என்று மாற்றிப் புது ஆவணத்தில் வைத்தார்கள். இதற்கிடையில் உலகச் சந்தையே ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று எல்லோரும் கணித்துக்கொண்டிருந்தார்கள். இரட்டிப்பாகும் சந்தையில் பங்கையும் இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் உற்பத்தி நான்கு மடங்காக வேண்டும். ஒன்பதே ஆண்டுகளில்! ஒரு நல்ல ஃபேப் (சிப் செய்யும் ஆலை) கட்டி ஓடவிடவே மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் தொழில் இது.

பணத்தின் கதையும் தலைப்புச் செய்தியில் தெரிவதுபோல் இல்லை. 43 பில்லியன், அதாவது 4,300 கோடி யூரோ, ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் ஒரு பெட்டியில் இருக்கும் பணமல்ல. ஒன்றியத்தின் வரவு செலவிலிருந்து நேரடியாக வந்தது சுமார் 330 கோடி. மற்றதெல்லாம் உறுப்பு நாடுகள் தங்கள் தங்கள் கஜானாவிலிருந்து கொடுக்கப்போவது, நிறுவனங்கள் தாங்களே போடப்போவது, ஏற்கெனவே வேறு பெயரில் அறிவிக்கப்பட்டவை எல்லாம் சேர்த்துப் போட்ட கூட்டல். தணிக்கையாளர்கள் வேறு விதமாகக் கணக்கிட்டு, 2030 வரைக்குமான மொத்தம் 8,600 கோடி என்றார்கள். அதில் ஆணையத்தின் கையில் இருப்பது 450 கோடி, வெறும் 5 விழுக்காடு. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்தார்கள்: உலகின் முன்னணிச் சிப் தயாரிப்பாளர்கள் 2020 முதல் 2023 வரை முதலீட்டுக்கு ஒதுக்கிய தொகை 40,500 கோடி யூரோ. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில், வடத்தைப் பிடித்திருக்கும் 27 உறுப்பு நாடுகளும் ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன.

அப்படியானால் சட்டம் என்னதான் செய்தது? 2022 பிப்ரவரியில் முன்மொழியப்பட்டு, 2023 செப்டம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் உண்மையான பலம் பணத்தில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அரசு தன் விருப்பத்துக்கு ஒரு கம்பெனிக்கு மானியம் கொடுத்துவிட முடியாது. பொதுச் சந்தையில் போட்டியைக் கெடுக்கும் என்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே தடுக்கிறது. சிப் சட்டம் அதில் ஒரு கதவைத் திறந்தது: ஐரோப்பாவில் இதுவரை இல்லாத வகையான ஆலை என்று காட்டினால் பெரிய மானியம் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மற்ற இரண்டு பகுதிகளில் ஒன்று ஆய்வுக்கூடங்களுக்கானது, இன்னொன்று தட்டுப்பாட்டு நெருக்கடி வந்தால் கண்காணிக்கவும் தலையிடவும் ஆனது. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இந்தக் கதவு வழியாக நுழைய நினைத்தவர்களில் பெரியவர் இன்டெல்.

2022 மார்ச்சில் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் இரண்டு ஃபேப்கள், 1,700 கோடி யூரோ என்று அறிவித்தார்கள். 2023 ஜூனில் அது 3,000 கோடி ஆனது. ஜெர்மன் அரசின் மானியம் 990 கோடி. நேரடி வேலைகள் சுமார் 3,000. ஒரு வேலைக்கு 33 லட்சம் யூரோ என்று அப்போதே ஜெர்மனியில் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டல் முழுக்க நியாயமில்லை; ஃபேப்பை அதில் வேலை செய்யும் தலைகளை எண்ணி மதிப்பிடக் கூடாது. ஆனால் யாரும் உரக்கக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. உலகின் மிக நுண்ணிய சிப்களை அங்கே செய்து, யாரிடம் விற்பது?

சிப் ஆலை என்பது கல்யாண மண்டபம் மாதிரி. கட்டி முடித்த அன்றிலிருந்தே கடன் வட்டி ஓடத் தொடங்கிவிடும். புக்கிங் இல்லாத ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஒரே வித்தியாசம், மண்டபம் ஆடி மாதம் பூட்டிக்கிடக்கலாம், ஃபேப் கிடக்க முடியாது. கருவிகளின் விலை நான்கைந்து ஆண்டுகளில் கழிந்துவிடும் என்பதால் இரவு பகலாக ஏறத்தாழ முழுக்கொள்ளளவில் ஓடியே ஆக வேண்டும். மிக நுண்ணிய சிப்களை மொத்தமாக வாங்குபவர்கள் ஆப்பிள், என்விடியா, ஏ.எம்.டி., குவால்காம் போன்றவர்கள். இவர்களில் ஒருவர்கூட ஐரோப்பியர் இல்லை. ஒரு காலத்தில் நோக்கியாவும் எரிக்சனும் சீமென்ஸும் கைப்பேசி செய்தார்கள். அந்தத் தொழில் போனபோது அதற்கான சிப் தேவையும் கூடவே போய்விட்டது. ஐரோப்பாவின் முதல் எக்ஸாஸ்கேல் (மிகமிக அதிவேக) மீக்கணினியான ஜூபிடர் 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் யூலிஷில் தொடங்கப்பட்டது. அதன் கணக்கிடும் பலம் என்விடியா சிப்களில்தான் இருக்கிறது.

இன்டெல்லின் சொந்த நிலையும் சரிந்தது. 2024 ஆகஸ்டில் 15,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது, செப்டம்பரில் மாக்டெபுர்க்கை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது, டிசம்பரில் தலைமை நிர்வாகி பேட் கெல்சிங்கர் போனார், 2025 ஜூலையில் திட்டமே ரத்து. போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் வருவதாக இருந்த பேக்கேஜிங் (சிப்பை வெட்டி உறை போடும்) ஆலையும் அதோடு போயிற்று. மானியப் பணம் வெளியே போகவில்லை என்பதால் "வீண்" என்று சொல்லவும் முடியாது. இன்டெல் ஐரோப்பாவை விட்டே போய்விட்டது என்பதும் சரியல்ல. அயர்லாந்தின் லீக்ஸ்லிப்பில் அதன் ஃபேப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே அதற்கு வாங்குபவர் யார் என்ற கவலை இல்லை, இன்டெல்லின் சொந்தக் கணினிச் சிப்கள்தான் அங்கே வருகின்றன.

இப்போது மாக்டெபுர்க்கிலிருந்து தென்கிழக்கே, அதே எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் டிரெஸ்டனுக்கு வாருங்கள். ஐரோப்பியச் சிப் தொழிலைப் புரிந்துகொள்ள ஓர் ஊரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1988 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹோனெக்கரிடம் ஒரு மெகாபிட் நினைவகச் சிப் ஒன்றைக் கையளித்தார்கள். டிரெஸ்டனில் உருவானது. சோஷலிசம் முதலாளித்துவத்தை எட்டிப்பிடித்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. ஆனால் தோஷிபா போன்றவர்கள் அதை முன்பே லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். டிரெஸ்டன் சிப் பெருமளவு உற்பத்திக்குப் போகவே இல்லை, ஓராண்டில் பெர்லின் சுவர் விழுந்தது. (மேற்கு ஜெர்மனி பெருமைப்பட்டுக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. அரசுப் பணத்தில் பிலிப்ஸோடு சேர்ந்து மெகா திட்டம் நடத்திய சீமென்ஸ், அவசரத்துக்குத் தோஷிபாவிடமே உரிமம் வாங்கியது.) நாடு போனது, ஆனால் சிப் செய்யும் தூசியில்லாத தூய்மை அறைக்குள் நின்று பழகிய பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களை நம்பி 1990-களில் சீமென்ஸ் வந்தது, பின்னாலேயே அமெரிக்காவின் ஏ.எம்.டி. வந்தது, டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநில அரசு இரண்டுக்கும் அள்ளிக் கொடுத்தது.

பிறகு அடி விழுந்தது. சீமென்ஸிலிருந்து பிரிந்த இன்ஃபினியன், தன் நினைவகச் சிப் பிரிவைக் கிமோண்டா என்று தனியாக்கியது. நினைவகச் சிப் விலை தரைதட்டியதில் 2009 ஜனவரியில் கிமோண்டா திவால். அப்போது அரசுப் பணம் முழுக்க வீண் என்று எழுதியவர்கள் பலர். 2011-இல் இன்ஃபினியன் அந்தத் தூய்மை அறையையும் கருவிகளையும் சுமார் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது. நினைவகச் சிப் செய்ய அல்ல. 300 மில்லிமீட்டர் வேஃபரில் (சிப்கள் உருவாகும் வட்டமான சிலிக்கான் தட்டில்) மின்திறன் சிப்களைச் செய்ய. கார், ரயில், காற்றாலை, சார்ஜர் எல்லாவற்றிலும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்கள் அவை. யார் மிக நுண்ணியதாகச் செய்வது என்ற நானோமீட்டர் பந்தயத்தில் ஓடாதவை. இன்று மின்திறன் சிப்களில் உலகின் முதல் நிறுவனம் இன்ஃபினியன். திவாலான ஆலையின் தரையில் அந்த முதலிடத்தின் ஒரு பகுதி நிற்கிறது. ஏ.எம்.டி. விட்டுப்போன ஆலை குளோபல் ஃபவுண்ட்ரீஸ் என்ற சிப் நிறுவனத்தின் ஆலை ஆனது. 2021-இல் கார் பாகங்கள் செய்யும் போஷ் தன் ஃபேப்பைத் திறந்தது.

இதற்குப் பிறகு, பிறருக்காகச் சிப் செய்துகொடுக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி. எங்கே வரும்? டிரெஸ்டனுக்குத்தான் வந்தது. 2023 ஆகஸ்டில் அறிவிப்பு, ஓராண்டு கழித்து 500 கோடி யூரோ மானியத்துக்கு ஆணையத்தின் ஒப்புதலும் அதே நாளில் அடிக்கல்லும். மொத்த முதலீடு 1,000 கோடிக்கு மேல். டி.எஸ்.எம்.சி.க்கு 70 விழுக்காடு. போஷ், இன்ஃபினியன், நெதர்லாந்துச் சிப் நிறுவனமான என்.எக்ஸ்.பி. மூன்றும் ஆளுக்கு 10. இந்தப் பங்குப் பட்டியலைக் கவனியுங்கள். அந்த மூன்று பேரும்தான் வாடிக்கையாளர்கள். கல்யாணத் தேதி குறித்தவர்களே மண்டபத்திலும் பங்கு போட்டிருக்கிறார்கள். அங்கே செய்யப்போவது 28/22 மற்றும் 16/12 நானோமீட்டர் சிப்கள், முழு அளவில் மாதம் 40,000 வேஃபர்கள், உற்பத்தி 2027 இறுதிக்குள் தொடங்க வேண்டும்.

"பத்து ஆண்டு பழைய நுட்பத்துக்கு 500 கோடியா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். காரின் பிரேக்கையும் எஞ்சினையும் கவனிக்கும் நுண்கட்டுப்படுத்திகளுக்கு இந்த அளவுதான் தேவை, அடுத்த பல ஆண்டுகளுக்கும் இதுதான் தேவை. 2021-இல் ஐரோப்பியக் கார் ஆலைகள் நின்றது 2 நானோமீட்டர் சிப் கிடைக்காமல் அல்ல.

வாங்குபவர் கூடவே இருந்தால் ஆலை நிற்கும் என்ற என் வாதத்துக்கு எதிரான உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது நேர்மையாகாது. ஜெர்மனியின் ஜார்லாந்து மாநிலத்தின் என்ஸ்டோர்ஃபில், பழைய நிலக்கரி மின்நிலைய நிலத்தில், அமெரிக்காவின் வுல்ஃப்ஸ்பீடு, மின்கார்களுக்கான சிலிக்கான் கார்பைடு சிப் ஆலை கட்டுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார், பங்காளியாகவும் இருந்தார்: கார் பாகங்கள் செய்யும் ஜெட்.எஃப். மின்கார் விற்பனை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 2024 அக்டோபரில் ஜெட்.எஃப். விலகியது, திட்டம் நின்றது, 2025 ஜூனில் வுல்ஃப்ஸ்பீடு அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. வாங்குபவர் இருந்தால் மட்டும் போதாது, அவரிடமும் ஆள் வாங்க வர வேண்டும். பிரான்சின் குரோல்ஸில் சிப் நிறுவனமான எஸ்.டி. மைக்ரோவும் குளோபல் ஃபவுண்ட்ரீஸும் சேர்ந்து கட்டுவதாக இருந்த ஆலைக்கு 290 கோடி யூரோ மானிய ஒப்புதல் கிடைத்தும், குளோபல் ஃபவுண்ட்ரீஸின் பங்கு முன்னேறாமல் நின்றுபோனது.

இனி நெதர்லாந்து. இங்கே ஐரோப்பாவின் நிலை கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். ஃபெல்ட்ஹோஃபன் என்ற சிறு ஊரின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் இல்லாமல் டி.எஸ்.எம்.சி.யோ சாம்சங்கோ இன்டெல்லோ ஒரு புது சிப் செய்ய முடியாது. நொடிக்கு 50,000 உருகிய வெள்ளீயத் துளிகளை வெற்றிடத்தில் விழவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து, அதிலிருந்து வரும் 13.5 நானோமீட்டர் ஒளியை எடுத்துச் சிலிக்கான் மேல் கோலம் போடும் இயந்திரம் உலகில் இவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதன் கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ், லேசர் ஜெர்மனியின் டிரம்ப்ஃப். 1984-இல் பிலிப்ஸும் ஏ.எஸ்.எம். இன்டர்நேஷனலும் சேர்ந்து தொடங்கியபோது அதை யாரும் தேசியக் கனவு என்று சொல்லவில்லை. அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவனில் ஃபிளாண்டர்ஸ் அரசு தொடங்கிய ஐமெக் ஆய்வுக்கூடத்துக்கும் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. இந்த இரண்டும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன. இன்று சிப் சட்டத்தின் ஆய்வுப் பகுதியில் மொத்தம் 250 கோடி யூரோ செலவிலான சோதனைத் தளம் ஐமெக்கில்தான் வருகிறது, 2 நானோமீட்டருக்கும் கீழே.

நெதர்லாந்து அரசு 2024-இல் செய்ததை நான் மிகவும் ரசித்தேன். குடியேற்றம் குறித்த அரசியல் சூடுபிடித்ததில், வளர இடமில்லை, வெளிநாட்டுப் பொறியாளர்களைக் கொண்டுவர முடியவில்லை, வெளியே போக நேரிடும் என்று ஏ.எஸ்.எம்.எல். முணுமுணுத்தது. அரசு சுமார் 250 கோடி யூரோவில் "பேத்தோவன் திட்டம்" அறிவித்தது. அதில் கம்பெனிக்குக் கையில் கொடுக்கும் மானியம் முக்கியமில்லை. ஏ.எஸ்.எம்.எல். இருக்கும் ஐந்தோவன் வட்டாரத்துக்கு வீடுகள், பேருந்து, ரயில், மின்கட்டமைப்பு, தொழில்நுட்பப் படிப்புக்கு இடங்கள். செய்திக்கு இனிக்காத செலவுகள். பொறியாளருக்கு வாடகைக்கு வீடு கிடைத்தால் அவர் வருவார்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு காசு பெறாத சிப்தான். மிகையில்லை, ஒன்று சில சென்ட் விலை.

நெக்ஸ்பீரியா நெதர்லாந்தின் நைமேகனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. என்.எக்ஸ்.பி.யிலிருந்து 2017-இல் பிரிந்தது, அடுத்த சில ஆண்டுகளில் சீனாவின் விங்டெக் கைக்குப் போனது. டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற சாதாரணப் பொருள்கள். ஆண்டுக்கு 10,000 கோடிக்கும் அதிகமான எண்ணிக்கை. ஒரு காரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். வேஃபர் ஹாம்பர்க்கிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகிலும் தயாராகும். அதை வெட்டி உலோகக் கால்கள் வைத்துக் கறுப்பு உறை போட்டு முடிப்பது பெரும்பாலும் சீனாவின் டோங்குவானில், ஏறக்குறைய 70 விழுக்காடு.

2025 செப்டம்பர் 30 அன்று நெதர்லாந்து அரசு, 1952-இல் எழுதி அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பொருள் கிடைப்புச் சட்டத்தை எடுத்து, நெக்ஸ்பீரியாவின் முடிவுகள் மேல் அதிகாரம் எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பமும் உற்பத்தியும் வெளியே கடத்தப்படும் என்ற அச்சம் காரணம். அடுத்த சில நாள்களில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் நெக்ஸ்பீரியாவின் தலைமை நிர்வாகி ஜாங் ஷுவேஜெங்கை இடைநீக்கம் செய்தது. அக்டோபர் 4 அன்றே சீனா டோங்குவானிலிருந்து ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. சில வாரங்களில் ஹோண்டாவின் மெக்சிகோ ஆலை நின்றது, ஃபோக்ஸ்வாகன் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் பார்த்தது. அக்டோபர் கடைசியில் நைமேகன் தலைமையகம் தன் சொந்த டோங்குவான் ஆலைக்கே வேஃபர் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஒரே கம்பெனியின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று பட்டினி போட்ட காட்சி அது.

சிப் சட்டத்தின் மூன்றாவது பகுதி எழுதப்பட்டதே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். ஆனால் முடிச்சு தளர்ந்தது அமெரிக்க அதிபர் டிரம்பும் சீன அதிபர் ஷியும் தென்கொரியாவில் சந்தித்த பிறகு. சீனா விதிவிலக்குகள் கொடுக்கத் தொடங்கியது, நவம்பர் 19 அன்று நெதர்லாந்தின் பொருளாதார அமைச்சர் வின்சென்ட் காரமன்ஸ் தன் ஆணையை நிறுத்திவைத்தார். பேசித் தீர்த்த அந்த அறையில் ஐரோப்பியர் எவரும் இல்லை.

இதை வைத்து 20 விழுக்காட்டைத் திரும்பிப் பாருங்கள். ஹாம்பர்க்கில் செய்யப்பட்ட வேஃபர்கள் எல்லாம் ஐரோப்பிய உற்பத்திப் பங்குக் கணக்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் டோங்குவான் இல்லாமல் அவற்றில் பெரும்பகுதியால் கார்களுக்குப் பயனில்லை. பேக்கேஜிங் என்பது கூலி வேலை என்று 1970-களிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பியதன் விலை இது. இத்தாலியின் நோவாராவில் சிலிக்கான் பாக்ஸ் என்ற சிங்கப்பூர்க் கம்பெனியின் பேக்கேஜிங் ஆலைக்கு 130 கோடி யூரோ மானியம் 2024 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. அது மேம்பட்ட பேக்கேஜிங், டோங்குவான் செய்யும் மலிவு வேலைக்கு மாற்று அல்ல. அந்த மலிவு வேலையை யார் ஐரோப்பியக் கூலியில் செய்வார்கள், கூடுதல் விலையைக் கார் கம்பெனி கொடுக்குமா என்பதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இதுவரை கார் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவுகள் ஒரு சென்ட்டுக்கு மேல் கொடுக்காதவர்கள்.

2025 செப்டம்பர் இறுதியில், நெக்ஸ்பீரியா விவகாரம் வெடிப்பதற்கு ஒரு நாள் முன்பு, 27 நாடுகளும் சேர்ந்து இரண்டாவது சிப் சட்டம் வேண்டும் என்று கையெழுத்திட்டன. அதில் சதவீதப் பந்தயத்தை விட்டு, எந்தச் சிப் இல்லாமல் போனால் எது நிற்கும், அந்தச் சிப் எத்தனை எல்லைகளைத் தாண்டி வருகிறது என்ற பட்டியலிலிருந்து தொடங்கினால் நல்லது என்பது என் கருத்து.

ஆக, போட்டது வீணா என்றால்: மாக்டெபுர்க்கில் போடவே இல்லை, டிரெஸ்டனில் போட்டது வீண் போகும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே முதல் வேஃபர் வெளியே வரும்போது செய்தித்தாள்கள் எத்தனை நானோமீட்டர் என்று தலைப்புப் போடும். நீங்கள் செய்தியின் அடியில் தேடிப் பாருங்கள்: அந்த வேஃபர்களை வெட்டிக் கட்ட எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று.